எக்காளமும் ரப்பர்க் கிண்ணமும்

சமையலறைத் தொட்டியில் நீர் இறங்காமல் தேங்கி நிற்கும்போது, குழாய் வேலைக்காரர் மரப்பிடி பொருத்திய ரப்பர்க் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து, வடிகால் துவாரத்தின்மீது கவிழ்த்து, நாலைந்து தரம் அழுத்தி இழுப்பார். அடைப்பு விலகும், நீர் இறங்கும், கிண்ணம் மறுபடியும் மூலைக்குப் போய்விடும். பிளஞ்சர் எனப்படும் இக்கருவியை நம் காலனியில் அறியாதார் இலர். இதே கிண்ணம், பிடியைக் கழற்றிய நிலையில், அமெரிக்க நாட்டு இசைவாணர் பலருடைய வாத்தியப் பெட்டிக்குள் மெருகேற்றிய டிரம்பெட்டுக்கு அருகே வீற்றிருக்கிறது என்று சொன்னால் நம்புவதற்குச் சற்றுத் தயக்கமாகவே இருக்கும். ஆயினும் உண்மை அதுவே. இந்த எளிய பொருள் இசை மேடை ஏறிய வரலாற்றை அன்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிரம்பெட் என்பது நம் எக்காளத்தின் உறவினன். பகைவரை அச்சுறுத்தவும், அரசன் வருகையை அறிவிக்கவும் பிறந்த வாத்தியமாகையால் அதன் குரல் இயல்பிலேயே ஓங்கியது. அக்குரலை அடக்கும் முயற்சியும் பழையதுதான். 1607-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மாண்டெவெர்டி தாம் இயற்றிய ‘ஓர்ஃபியோ’ என்னும் இசை நாடகத்தின் தொடக்கத்திலேயே, வாயடைப்பு வைத்த டிரம்பெட்டுகளைக் குறிப்பிட்டிருக்கிறார். இவ்வடைப்பை மியூட் என்பர். வாத்தியத்தின் மலர்ந்த வாய்க்குள் மரத்தாலோ உலோகத்தாலோ ஆன ஒரு கூம்பைச் செருகினால் ஓசை மெலிந்து, தூரத்திலிருந்து வருவது போல் கேட்கும். ஐரோப்பியர் மூன்று நூற்றாண்டுகளாக மியூட்டைப் பெரும்பாலும் இப்பயனுக்கே கையாண்டனர். ஓசையை அடக்குவதற்கு மாறாக அதைப் பேச வைக்கலாம் என்று கண்டவர்கள் அமெரிக்காவின் கறுப்பின மக்கள். அடிமைத்தளை அறுந்து இரண்டு தலைமுறைகூட நிரம்பாத காலம் அது.

அவர்களுள் முதலாவதாகச் சொல்லத்தக்கவர் ஜோ ஆலிவர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் வளர்ந்தவர். டிரம்பெட்டின் குறுகிய தம்பியான கார்னெட் வாசித்தவர். ‘கிங்’ ஆலிவர் என்று சக வித்வான்களே பட்டம் சூட்டி அழைத்தனர். வாத்தியத்தின் வாயை எதனால் மறைக்கலாம், மறைத்தால் என்ன குரல் பிறக்கும் என்பதே அவருடைய ஓயாத ஆராய்ச்சி. கோப்பை, கண்ணாடித் தம்ளர், வாளி, தலைத் தொப்பி என்று கைக்கு எட்டியவற்றை எல்லாம் அவர் சோதித்துப் பார்த்தார். அவர் வாத்தியம் குழந்தைபோல் அழும், கோழிபோல் கொக்கரிக்கும், மாதாகோயிலில் உபதேசியார் ஆவேசமுற்றுப் பேசுவதுபோல் பேசும் என்று அவரை நேரிற் கேட்டவர்கள் எழுதி வைத்திருக்கின்றனர். கடம் வாசிப்பவர் பானையின் வாயைத் தம் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் நாதத்தை மாற்றுவதைக் கண்டிருக்கும் நமக்கு இவ்வித்தை முற்றிலும் அந்நியமானதன்று.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் ஆலிவர் சிகாகோ நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். தெற்கு மாகாணங்களின் கொடுமையிலிருந்து தப்பி வடக்கே பிழைப்புத் தேடிச் சென்ற பல்லாயிரம் கறுப்பின மக்கள் அங்கே குடியேறியிருந்தனர். சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் கூடியிருந்து தம் ஊர்ப் பாட்டைக் கேட்கும்போது அடையும் இன்பம் எத்தகையது என்று இம்மலரைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1922-இல் ஆலிவர் தம் சீடரான லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வரவழைத்துக் கொண்டார். மறு ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தியானா மாகாணத்து ரிச்மண்ட் என்ற ஊரில் அக்குழுவினர் கிராமபோன் தட்டுக்காக வாசித்தனர். மின்சார ஒலிவாங்கி இசைத்தட்டுத் தொழிலுக்கு வராத காலமாதலால், ஒரு பெரிய தகரக் கூம்பின்முன் எல்லாரும் கூடி நின்றே வாசிக்க வேண்டியிருந்தது. அங்குப் பதிவான ‘டிப்பர்மவுத் புளூஸ்’ என்னும் உருப்படியில் ஆலிவர் மூன்று சுற்றுக்கள் தனியாக வாசிக்கிறார். வாத்தியத்தின் வாய் மூடித் திறக்கிற ஓசை, இரைச்சல் மிகுந்த அப்பழைய தட்டிலும் தெளிவாகக் கேட்கிறது. அதன் பிறகு அவ்வுருப்படியை எடுத்துக்கொண்ட வித்வான்கள் நெடுங்காலம் அம்மூன்று சுற்றுக்களையும் ஏறக்குறைய அப்படியே பாடம் பண்ணி வாசித்து வந்தனர்.

குழாய்க்காரரின் கிண்ணத்தை முதன்முதலில் கையில் எடுத்தவர் யார் என்பதில் வழக்கு உண்டு. மெம்பிஸ் நகரத்திலிருந்து நியூயார்க் சென்ற ஜானி டன் என்பவருக்கே அப்பெருமை உரியது என்பர் ஒரு சாரார். இத்தகைய வழக்குகளில் தீர்ப்புக் கூறுவது எளிதன்று. ஏழை எளியவர் கண்டுபிடித்தவற்றுக்குப் பத்திரமும் சாட்சியும் இருப்பதில்லை.

நிற்க. டன் விலகிச் சென்றபின், பாடகி மாமி ஸ்மித்தின் குழுவில் அவருடைய இடத்துக்கு வந்தவர் பப்பர் மைலி என்ற இளைஞர். 1903-இல் தெற்குக் கரோலினாவில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்தவர். பாடகியின் குழுவோடு ஊர் ஊராகச் சென்றவர் சிகாகோவில் ஆலிவரின் வாசிப்பைக் கேட்டார். கேட்டவர் தம் பழைய பாணியை மறந்தார். நியூயார்க் திரும்பியபின், தொண்டைக்குள்ளே உறுமிக்கொண்டே ஊதுவதும், ரப்பர்க் கிண்ணத்தால் வாத்தியத்தின் வாயை மூடித் திறப்பதும் அவருடைய முத்திரைகளாயின. 1923-ஆம் ஆண்டில் அவர் சேர்ந்த சிறு குழுவில் பியானோ வாசித்த இளைஞரே டியூக் எலிங்டன். கேட்போர் செவிக்கு இனிமையாக நடன இசை வாசித்து வந்த அக்குழுவின் போக்கு மைலி வந்தபின் மாறியது என்று எலிங்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1926-இல் டிரம்போன் வாத்தியத்தில் இதே வித்தை வல்ல ஜோ நான்டன் வந்து சேர்ந்தார். வேடிக்கையான கைத்திறனுக்காக ‘டிரிக்கி சாம்’ என்று அவரை அழைப்பர். டிரம்பெட்டுக்குரிய சிறிய மியூட் ஒன்றை டிரம்போனுக்குள் செருகி, அதன்மேல் ரப்பர்க் கிண்ணத்தை அசைத்து அவர் எழுப்பிய ‘யா யா’ என்னும் குரல் மனிதக் குரலோ என்று மயங்கச் செய்வது.

மைலியின் கற்பனை எங்கிருந்து ஊற்றெடுத்தது என்பதற்கு இரண்டு செய்திகள் உள. ரயிலில் போகும்போது ‘லெவாண்டோஸ்’ என்ற சலவை நிலையத்தின் விளம்பரப் பலகை அவர் கண்ணில் அடிக்கடி பட்டதாம். அப்பெயரையே வாய்க்குள் பாடிப் பாடி ஒரு மெட்டாக்கினார். அது எலிங்டன் குழுவின் அடையாள இசையாகிய ‘ஈஸ்ட் செயின்ட் லூயி டூடில்-ஊ’வில் 1926-இல் பதிவாயிற்று. மற்றொன்று இதனினும் ஆழமானது. ‘தி ஹோலி சிட்டி’ என்று 1892-இல் வெளிவந்த கிறிஸ்தவப் பக்திப் பாட்டு ஒன்றுண்டு; எருசலேம் நகரத்தைப் போற்றுவது; மைலியின் தாயார் பாடக்கூடியது. மலர்ச்சியான மேஜர் சுரவரிசையில் அமைந்த அப்பாட்டின் பல்லவியைத் துயரம் தோய்ந்த மைனர் வரிசைக்கு மாற்றி, அதன்மேல் தம் கிண்ணத்தை வைத்து உறுமினார் மைலி. அதுவே 1927-இல் பதிவான ‘பிளாக் அண்ட் டேன் ஃபான்டஸி’. முடிவில் ஷோப்பானின் சவ ஊர்வல இசை ஒலிக்கும். இதனை ஒரே ஆண்டில் வெவ்வேறு கம்பெனியார் பதிவு செய்தனர். அவற்றுள் ஒன்றுக்கு மைலி வரவில்லை. அவ்விடத்தில் ஜாபோ ஸ்மித் வாசித்தார். ஜாபோ சாமானியரல்லர். ஆயினும் இரண்டு தட்டுக்களையும் அடுத்தடுத்துக் கேட்பவர், வாத்தியம் ஒன்றேயாயினும் குரல் வேறு என்பதை உடனே உணர்வர்.

அதே 1927-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எலிங்டன் குழுவினர் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியிலிருந்த காட்டன் கிளப் என்னும் விடுதியில் அமர்ந்தனர். இவ்வாய்ப்பு முதலில் ஆலிவரைத் தேடி வந்தது என்பதையும், ஊதியம் போதாது என்று அவர் மறுத்துவிட்டார் என்பதையும் வரலாற்றாசிரியர் பலரும் எழுதுவர். ஆலிவரின் கேள்வியில் நியாயம் இருந்தது. காலம்தான் அவருக்குத் துணை நிற்கவில்லை. அவ்விடுதியில் ஆடுவோரும் பாடுவோரும் வாத்தியம் வாசிப்போரும் கறுப்பினத்தவர். விருந்தினராக அமர்ந்து கேட்பவர்களோ வெள்ளையர் மட்டும். ஹார்லம் கறுப்பின மக்களின் குடியிருப்பாயிருந்தும் அவர்களுக்கு அங்கே இடமில்லை. மேடையை ஆபிரிக்கக் காடு போலவும் தெற்கத்திய தோட்டம் போலவும் ஜோடித்து, மைலியும் நான்டனும் கிண்ணத்தைக் கொண்டு எழுப்பிய உறுமலுக்குக் ‘காட்டு இசை’ என்று பெயர் சூட்டினர். வந்திருந்த கனவான்கள் கானகத்து விலங்கின் ஒலியைக் கேட்டதாகவே எண்ணி மகிழ்ந்தனர். அவர்கள் செவியில் விழுந்ததோ ஒரு தாய் பாடிய பக்திப் பாட்டின் மெட்டும், நகரத்துச் சலவைக் கடையின் பெயரும்! அவ்வுறுமலில் காடு எதுவும் இல்லை. நூறு விழுக்காடு நகரவாசி ஒருவரின் கலை அது. அவ்விடுதியிலிருந்து வானொலி வழியே நாடெங்கும் பரவிய எலிங்டனின் புகழ், இக்குரலை முதற்பொருளாகக் கொண்டே வளர்ந்தது என்பதை மறுக்க இயலாது.

முதலை இட்டவர்கள் அதன் பயனைத் துய்க்கவில்லை. மைலி 1929-இன் தொடக்கத்தில் குழுவை விட்டு நீங்கினார். 1932-இல் காசநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 29. ஆலிவரின் கதை இன்னும் வருத்தமானது. பல்லும் ஈறும் கெட்டு, ஊதும் ஆற்றலை இழந்து, குழுவும் கலைந்து, ஜார்ஜியா மாகாணத்து சவானா நகரத்தில் காய்கனிக் கடை வைத்தார். 1937-இல் அவ்வூருக்கு வாசிக்கச் சென்ற ஆம்ஸ்ட்ராங் தம் குருவை அந்தக் கடையில் கண்டு திடுக்கிட்டு, கையிலிருந்த பணத்தைக் கொடுத்தார். குழுவினரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். பின்னர் பில்லியர்ட்ஸ் ஆடும் கூடம் ஒன்றைப் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்து வந்த ஆலிவர் 1938 ஏப்ரலில் காலமானார். அவர் உடலை நியூயார்க்குக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்ய அவர் தமக்கையார் வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணத்தைச் செலவிட்டார் என்பர். கல்லறைக்குக் கல் நாட்டப் பணமில்லை.

மைலியின் நாற்காலிக்கு 1929-இல் வந்தவர் அலபாமா மாகாணத்து கூட்டி வில்லியம்ஸ். வயது பதினெட்டுக்கூட நிறைந்ததோ இல்லையோ! திறந்த டிரம்பெட்டில் கம்பீரமாக வாசிப்பவர். குழுவில் சேர்ந்த புதிதில் நான்டன் எழுந்து கிண்ணத்தை அசைத்து வாசித்தபோது தமக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். சில நாள் கழித்தே, மைலியின் இடத்துக்குத் தம்மை அழைத்திருக்கிறார்களென்றால் இவ்வித்தையும் தம் கடமை என்பது அவருக்கு உறைத்தது. இவ்வாறு செய் என்று எலிங்டன் வாய் திறந்து சொல்லவில்லை. கூட்டி தாமாகவே நான்டனைக் கேட்டுக் கேட்டுக் கற்றார். ஒரு வாத்தியக்காரர் வேறொரு வாத்தியக்காரரைக் குருவாகக் கொண்ட விந்தை இது. பதினோர் ஆண்டு கழிந்து, 1940 மார்ச்சில், ‘கான்செர்டோ ஃபார் கூட்டி’ என்று அவர் பெயராலேயே எலிங்டன் ஓர் உருப்படி இயற்றினார். மூன்றரை நிமிஷத்துக்குள் கிண்ணம் மூடிய மெல்லிய குரல், உறுமும் குரல், மூடியே இல்லாத முழுக்குரல் ஆகிய மூன்றையும் அதில் கேட்கலாம். கிண்ணத்தை அகற்றிவிட்டு டிரம்பெட் வாய் திறந்து ஒலிக்கும் நடுப்பகுதியில், மூடியிருந்த அறையின் ஜன்னலைத் திறந்தாற்போல் இருக்கும். அவ்வாண்டின் இறுதியில் கூட்டி வேறு குழுவுக்குச் சென்றபோது, அதைக் குறித்தே ஒரு நடன இசை இயற்றப்பட்டுத் தட்டாக வந்தது என்றால், அக்குரலின் மதிப்பை ஊகித்துக் கொள்ளலாம். நான்டன் கடைசிவரை எலிங்டனோடு இருந்து, 1946-இல் சுற்றுப்பயணத்தின்போதே சான்பிரான்சிஸ்கோவில் உயிர் நீத்தார்.

இக்குரல் நம் நாட்டுக்கும் வந்ததுண்டு. 1930-களில் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் லியான் அபே, கிரிக்கெட் ஸ்மித் முதலிய அமெரிக்கக் கறுப்பின வித்வான்கள் குழு அமைத்து வாசித்தனர். கோவாவைச் சேர்ந்த வித்வான்கள் அவர்களிடம் கேட்டுக் கற்றனர். அவர்களுள் புகழ்பெற்ற டிரம்பெட் வித்வான் சிக் சாக்லெட், இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுக்கு உதவியாளராக விளங்கியவர். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்துக்கு இசையமைத்த அதே ராமச்சந்திராதான். பின்னர், 1962-இல் கூட்டி வில்லியம்ஸ் எலிங்டனிடம் திரும்பிச் சேர்ந்தார். மறு ஆண்டு அமெரிக்க அரசாங்கம் அக்குழுவைக் கீழ்நாடுகளுக்கு அனுப்பிற்று. தில்லியில் எலிங்டன் நோயுற்று மருத்துவமனையில் படுத்துவிட்டார். குழுவினர் அவரின்றியே வாசித்தனர். ஹைதராபாத், பெங்களூர், சென்னை, பம்பாய், கல்கத்தா என்று அப்பயணம் தொடர்ந்தது. நம் பெரியவர்களுள் எவரேனும் அக்கச்சேரிகளில் ஒன்றைக் கேட்டிருப்பின், ஆலிவர் சிகாகோவில் மைலிக்கு அளித்ததை, மைலியின் நாற்காலிக்கு உரியவர் கையாலேயே கேட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

காலனிப் பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடத்துப் பாண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் பயில்வதால், கிண்ணத்தைத் தெரிவு செய்யும் முறையையும் இங்கே கூறுவது தகும்.

முதலாவது அளவு. டிரம்பெட்டின் மலர்ந்த வாய் ஏறக்குறைய ஐந்து அங்குலம் குறுக்களவுள்ளது. கைகழுவும் தொட்டிக்கு என்று விற்கப்படும் சிறிய கிண்ணமே இதற்கு ஏற்றது. கழிப்பறைக்குரிய பெரிய கிண்ணத்தை டிரம்போன் வாசிப்பவர்களுக்கு விட்டுவிட வேண்டும். அதிலும் உள்ளே குழாய்போல் நீண்ட உதடு வைத்த புதுமாதிரி ஒன்று வருகிறது. அது இருவருக்குமே உதவாது. உட்புறம் வெறுமையாகக் குழிந்திருப்பதே நல்ல கிண்ணம்.

அடுத்தது ரப்பரின் தன்மை. விறைப்பான ரப்பர் கைக்கு அடங்காது. மிக மெல்லியதோ ஓசையைச் சரியாகத் தடுக்காது. விரல்களால் அழுத்தினால் மடங்கி, விட்டவுடன் தன் உருவுக்குத் திரும்புவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, கிண்ணத்தின் முதுகை இடது உள்ளங்கையில் ஏந்தி, அதன் ஓர் ஓரம் எப்போதும் வாத்தியத்தின் விளிம்பைத் தொட்டிருக்க, கதவு கீலில் திரும்புவதுபோல் மறு ஓரத்தைத் திறந்து மூடுவர். இடது கைக்கு இவ்வேலை வந்துவிடுவதால், வாத்தியத்தைத் தாங்குவதும் விசைகளை அழுத்துவதும் ஆகிய இரண்டும் வலது கையின் தலையில் விழும். தொடக்கத்தில் தோள் நோகும்.

மூடும்போது ‘ஊ’, திறக்கும்போது ‘ஆ’. நம் வாயின் வடிவம் மாறும்போது உயிரெழுத்து மாறுவதற்கு என்ன காரணமோ அதுவே இதற்கும் காரணம். குழியின் அளவும் வாயின் திறப்பும் மாறும்போது ஓசையின் மேற்சுருதிகளில் சில ஓங்கிச் சில அடங்குகின்றன. சுரத்தாளில் மூடுவதற்குக் கூட்டல் குறியும், திறப்பதற்குச் சுழியும் இடுவர். முற்றிலும் இறுக மூடினால் மூச்சுத் திணறும். சுருதியும் இடம் பெயரும். அதை உதட்டால் சரிப்படுத்தப் பழக வேண்டும். இதற்காகவே சிலர், பிடி கழன்ற இடத்தில் சிறு துளை விடுகின்றனர். மைலியும் கூட்டியும் எழுப்பிய உறுமலுக்கு இதுவும் போதாது. வாத்தியத்தின் தொண்டைக்குள் ஒடுக்கமான சிறு மியூட் ஒன்றைச் செருகி, அதன் வெளியே கிண்ணத்தை அசைத்து, தன் தொண்டையிலும் ஒரு முனகலை எழுப்ப வேண்டும். மூன்றும் ஒன்று கூடினால்தான் அந்தக் குரல் வரும். நான்டன் கையாண்ட முறையின் முழு மர்மமும் இன்னும் அவிழ்ந்தபாடில்லை என்று டிரம்போன் வித்வான்களே சொல்லுகின்றனர்.

வாத்தியக் கம்பெனிகள் இதே வடிவத்தில் அலுமினியத்திலும் ரப்பரிலும் தனியே செய்து விற்கின்றன. உலோகக் கிண்ணம் ஓசைக்குக் கூர்மை தரும். ரப்பர் சற்றே இருட்டான, வட்டமான குரல் தரும். விலை உயர்ந்ததை வாங்கிப் பார்த்துவிட்டு, இரும்புச் சாமான் கடையிற் கிடைக்கும் பழைய ரப்பர்க் கிண்ணத்துக்கே திரும்பி வந்தவர்கள் பலர். புதியதாக வாங்க வேண்டும் என்பதைத் தாய்மார்கள் முன்னிலையில் நான் சொல்லவும் வேண்டுமோ? கழற்றிய மரப்பிடியை எறிந்துவிடாமல் வைத்திருந்தால், பரணிலிருந்து எதையேனும் தள்ளி எடுக்க உதவும்.